நாலாம் போத்தலின் ஒரு நல்ல குணம்

இன்று காலை கிடங்கில் ஒரு போத்தல் உடைந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த புதுச் சரக்கு. பெட்டியைத் திறக்கும்போதே அடியில் ஈரம். வைக்கோலை விலக்குவதற்குள் அந்த வாடை குப்பென்று எழும்பிவிட்டது. காய்ச்சிய சர்க்கரையும் அழுகப் போகிற பழமும் மருந்துக்கடையும் சேர்ந்த வாடை. உமக்குத் தெரிந்ததுதான். நாலாம் போத்தல். கொஞ்ச நேரத்தில் எறும்பு சாரிசாரியாக வந்துவிட்டது. தரையைக் கழுவச் சொல்லிவிட்டு வெளியே வந்து நின்றேன். என் கையிலும் அதே வாடை. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அப்போதுதான் உமக்கு எழுதியே தீருவது என்று உட்கார்ந்தேன். அன்பு பொங்கி எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதேயும். ஆத்திரம் தாங்காமல் எழுதுகிறேன்.

நீர் போய் ஓராண்டு முடிந்துவிட்டது. இந்த 'நீர்', 'உம்' எல்லாம் எனக்கு வழக்கமே இல்லை. நான் ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். எங்களுக்கு அண்ணே, மச்சான், பேச்சின் வாலில் ஒரு ‘லா’ போதும். யாழ்ப்பாணத்தாராகிய உம்மோடு ஞாயிறு ஞாயிறாக உட்கார்ந்து வாதாடியதில் என் நாக்கு அப்படித் திரும்பிவிட்டது. இப்போது வீட்டில் மறதியாக மனைவியைப் பார்த்து 'நீர்' என்று ஆரம்பித்து வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். அதற்கும் நீர்தான் காரணம்.

நாம் முதலில் பார்த்துக்கொண்டதே சண்டையில்தான். நீர் ஈப்போ ரயில் நிலையத்தில் சரக்குக் கணக்கெழுதும் கிராணி. நான் துரைமார் கடையில் ஸ்டோர் கிராணி. பிஸ்கட்டிலிருந்து பிராந்தி வரை கடைக்கு வருகிற எல்லாவற்றையும் சரிபார்த்து எடுத்து வருவது என் வேலை. அன்று ஒரு சிவப்பு வைன் பெட்டி ஒழுகிக்கொண்டே வந்தது. ரயில்காரர்கள் போட்டு உடைத்துவிட்டார்கள் என்று நான் சரக்குக் கொட்டகையில் நின்று குதித்தேன். நீர் குனிந்து பெட்டியை முகர்ந்தீர்.

“உடைஞ்சது இங்கதான் காணும், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா உள்ளுக்க இருக்கிறது முன்னமே கெட்டுப்போச்சுது. தாப்பா ரோட்டு ஸ்டேசனில வெயிலுக்க போட்டு வைச்சிருக்கிறாங்கள்.”

“நீங்க போயி பாத்தீங்களாலா?”

“மூக்கு இருக்குதே, பேந்தென்ன?”

உடையாத போத்தல்களைக் கடைக்குக் கொண்டுபோனேன். எங்கள் கடைத் துரை ஒன்றைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு ஜன்னல் வழியாகத் துப்பினார். பெட்டி முழுக்க அப்படியே. மறுநாள் உம்மைத் தேடி வந்தேன். பாராட்ட வரவில்லை. தொடாமல் குடிக்காமல் எப்படித் தெரிந்தது என்று கேட்காவிட்டால் எனக்குத் தலை வெடித்திருக்கும்.

உமக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. வருடக்கணக்கில் கொட்டகையில் உடைந்து ஒழுகியதை முகர்ந்து முகர்ந்து, ஒரு நாள் விரலில் தொட்டு நாக்கில் வைத்து, அப்படியே பிடித்துக்கொண்ட பைத்தியம். மற்றவர்கள் பிராந்தி, விஸ்கி என்று போனபோது நீர் ஆஸ்திரேலியாச் சிவப்பைப் பிடித்துக்கொண்டு நின்றீர். “பிரெஞ்சுக்காரன்ர வைனைப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கினம். இதைப் பற்றிச் சொல்ல ஆர் இருக்கினம்?” என்பீர். அதற்காக யாழ்ப்பாணச் சுருட்டை விட்டீர். வெற்றிலையை விட்டீர். சுருட்டும் வெற்றிலையும் இல்லாத யாழ்ப்பாணத்து மனிதரை நான் அதற்கு முன் கண்டதில்லை. வைன் பார்க்கிற ஞாயிற்றுக்கிழமை உம் வீட்டில் காரமே கிடையாது. உம் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், வெள்ளைக்கறியும் சோறுமாக வைத்துவிட்டு, “பிள்ளை பெத்தவளுக்குப் பத்தியம் வைக்கிற மாதிரி இந்த மனுசனுக்கு வைக்க வேண்டிக் கிடக்குது” என்று முணுமுணுப்பார். நீர் காது கேளாதவர் மாதிரி போத்தலை ஈரத்துணியால் சுற்றிக்கொண்டிருப்பீர்.

சரக்கு நமக்குக் கிடைத்த வழி எளிது. மேலே ஒட்டிய சீட்டுக் கிழிந்தது, தக்கை கசிந்தது, அலமாரியில் வைக்க அழகில்லாதது எல்லாம் கடையில் வேலை பார்க்கிறவர்களுக்குத் தள்ளுவிலை. கடையில் எல்லாரும் அதற்குப் பதில் பிஸ்கட் தகரம் கேட்டார்கள். நான் மட்டும் வைன் கேட்டேன். எனக்குக் குடிகாரன் என்று பெயர் வந்ததுதான் மிச்சம்.

நான் கத்தோலிக்கன். பூசையில் சாமியார் நாக்கில் வைக்கும் நன்மை அப்பத்தை வாங்க வேண்டுமானால் காலையில் பச்சைத் தண்ணீர் கூட வாயில் படக்கூடாது. பூசை முடிந்து நேராக உம் வீட்டுக்கு வருவேன். அந்த வெறும் வாயைப் பார்த்து உமக்குப் பொறாமை. “உங்கட சாமி நாக்கைக் கழுவிக் காயவைச்செல்லே அனுப்புறார். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை” என்பீர். நாக்கு சுத்தம்தான். ஆனால் வெறும் வயிற்றில் மூன்று வாய் இறங்கினால் எனக்குச் சுவர் நகர ஆரம்பிக்கும். துப்பும் காணும், துப்பும் என்று நீர் எச்சிற்படிக்கத்தை நீட்டுவீர். துப்புவதற்கா தூக்கிக்கொண்டு வந்தேன் என்று நான் விழுங்குவேன். வீட்டுக்குப் போனால் என் மனைவி வாசலிலேயே நிற்பாள். “நன்மை வாங்கின வாயோட நேரா போயி குடிச்சிட்டு வாரீங்களே, சாமியாருக்குத் தெரிஞ்சா என்னாகும்லா?” ருசி பார்க்கிறோம், குடிக்கவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவள் என் கண்ணைப் பார்த்துச் சிரித்தாள்.

நாம் ஒரு முறையாவது ஒத்துப்போனதுண்டா? நீர் கிளாஸைச் சுழற்றி, கண்ணை மூடி, நாவல்பழம் என்பீர். எனக்கு அது ரப்பர் ஷீட்டைப் புகையில் காயவைக்கும் கொட்டகை. நீர் மிளகு என்பீர். நான் ஈரமான சாக்கு என்பேன். நீர் வாய் பிடிக்கிறது என்றதை, மங்குஸ்தீன் தோலைத் தெரியாமல் கடித்த மாதிரி என்று நான் சொன்னபோது மட்டும் துள்ளினீர். “அதுதான்! அதுதான்! அதை இங்கிலிசில எப்படிச் சொல்லுறது?” எனக்கு எப்படித் தெரியும்? அதைச் சொல்லத் தெரிந்த வெள்ளைக்காரன் மங்குஸ்தீன் தோலைக் கடித்திருக்க மாட்டான் என்றேன். நீர் அன்று முழுவதும் என்னைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தீர்.

உம்மிடம் எனக்குப் பிடிக்காத பழக்கம் ஒன்று இருந்தது. எந்த வைனிலும் நீர் எதைக் கண்டீர் என்று உடனே சொல்ல மாட்டீர். “நீர் முதல்ல கண்டுபிடியும்” என்பீர். நான் தேடித் தேடி, தப்பாகச் சொல்லி, எரிச்சல்பட்டு, கடைசியில் கிளாஸைத் தள்ளிவைத்த பிறகுதான் உம் வாய் திறக்கும். உம்மைவிட ஒரு வயது சின்னவன் நான். பள்ளிப் பிள்ளையா என்று எத்தனை தரம் கத்தியிருப்பேன்! நீர் மாறவே இல்லை.

அப்படியிருந்தும் உமக்காகத் துரையிடம் வாய் விட்டவன் நான்தான். பெரிய வெள்ளம் வந்து ஈப்போ சேறாகிக் கிடந்ததற்கு அடுத்த ஆண்டு அது. எங்கள் கடைக்குத் துரைமார் மட்டும் வந்த காலம் போய், கிராணிகள், தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ட்ரெஸர்கள், ஈயச் சுரங்க முதலாளிகளான சீனத் தவுக்கேமார் என்று எல்லாரும் வரத் தொடங்கியிருந்தார்கள். இவர்களுக்கு எந்தச் சிவப்பு வைன் பிடிக்கும் என்று துரைக்குத் தெரியவில்லை. கெட்ட பெட்டியை மூக்காலேயே கண்டுபிடித்த ரயில்வேக் கிராணியை அவர் மறக்கவும் இல்லை. அடிலெய்டிலிருந்து ஒரு ஏஜென்ட் நாலு சிவப்பு வைன்களோடு பினாங்குக்குப் போகிற வழியில் ஈப்போவில் இறங்குகிறார், உன் ஆளைக் கூட்டிவா என்றார். நீர் எதை நல்லது என்கிறீரோ அதற்கு ஆர்டர். அதோடு, கடை அச்சடிக்கும் விலைப்பட்டியலில், இது இன்னார் ருசி பார்த்துத் தேர்ந்தது என்று உம் பெயர்.

உம் பெயர்! வெள்ளைக்காரர் கிளப்புக்குள் கால் வைக்க முடியாத நம்மில் ஒருவர் பெயர், கிளப் மேசையிலும் கிடக்கப் போகிற தாளில்! நான் ரயில் நிலையத்துக்கு ஓடிவந்து சொன்னபோது நீர் பேனாவைக் கீழே வைத்தீர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர், மாட்டினீர், மறுபடியும் கழற்றித் துடைத்தீர். உமக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு எந்த நாள் என்று விசாரித்தீர். சொன்னேன். உம் முகம் விழுந்துவிட்டது.

அன்று காலைதான் உம் மகளுக்கு நிச்சயதார்த்தம். தைப்பிங்கில் அரசாங்க உத்தியோகத்தில் இருக்கும் மாப்பிள்ளை. அவர்கள் பக்கத்துச் சாத்திரியார் பார்த்துக் கொடுத்த முகூர்த்தம். மாற்றச் சொல்லிக் கேட்பதா? ஏஜென்டின் ரயிலையும் மாற்ற முடியாது. கடைசியில் இரண்டுமே நடக்கும் என்று நீர்தான் என்னைத் தேற்றினீர். முகூர்த்தம் காலையில், வைன் பிற்பகல், நடுவில் போதிய நேரம். சமையலில் காரம் குறைத்து வைக்க அக்காவிடம் சொல்லியாயிற்று. வெற்றிலைத் தட்டை மாற்றிக்கொள்வதோடு சரி, வாயில் வைக்கப் போவதில்லை என்றீர். நானும் நம்பினேன்.

நிச்சயதார்த்தத்துக்கு நானும் வந்திருந்தேன். பின்வரிசையில், தூணோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். தட்டு மாறியது. எல்லாரும் வெற்றிலையை எடுத்து மடித்துப் போட்டுக்கொண்டார்கள். நீர் மட்டும் ஒரு வெற்றிலையைக் கையில் பிடித்துக்கொண்டு, காம்பைக் கிள்ளுவதும் நரம்பை உரிப்பதுமாக நேரத்தைக் கடத்திக்கொண்டிருந்தீர். மாப்பிள்ளையின் பெரிய மாமா, தைப்பிங்கில் பென்ஷன் வாங்குகிறவர், அதைக் கவனித்துவிட்டார்.

“என்ன சம்பந்தி, வெத்திலையைக் கையில வைச்சுப் பாத்துக்கொண்டிருக்கிறியள்? பெண்ணைப் பெத்தவர் வாய் சிவக்காட்டி, அரை மனசோட குடுக்கிறார் எண்டெல்லே அர்த்தம்?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். உம் மகள் தலையைக் குனிந்தபடியே கண்ணை மட்டும் உயர்த்தி உம்மைப் பார்த்தாள். நான் தூணருகிலிருந்து வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். நீர் என்னைப் பார்த்தீர். நன்றாகப் பார்த்தீர். பார்த்துக்கொண்டே பாக்கும் சுண்ணாம்புமாக மடித்து வாயில் போட்டு, எல்லாருக்கும் தெரியும்படி மென்றீர். அந்த மனிதர் இன்னொன்றும் மடித்து நீட்டினார். அதையும் போட்டீர். எனக்கு எழுந்து போய்விடலாம் போல் இருந்தது.

பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது. கிணற்றடியில் உப்பு, கரித்தூள், புளித்தண்ணீர் என்று அக்கா எடுத்துக்கொடுக்க, புது வேட்டியில் கறை படாமல் குனிந்து நின்று வாயைத் தேய்த்தீர். ரிக்‌ஷாவில் ஏறிய பிறகும் விடவில்லை. நான் வாங்கிக் கொடுத்த சோடாவைக் கொப்பளித்துக் கொப்பளித்து வழியெல்லாம் சிவப்பாகத் துப்பிக்கொண்டு வந்தீர். எதிரே வந்தவர்கள் உமக்கு இரத்த வாந்தி என்று ஒதுங்கினார்கள். “போயிட்டுதா பாரும்” என்று நாக்கை நீட்டிக் காட்டினீர். செங்கல் நிறத்தில் இருந்தது. போய்விட்டது என்று பொய் சொன்னேன்.

கடையின் மேல்மாடி அறையில் மேசைமேல் வெள்ளைத்துணி. செய்தித்தாளில் சுற்றி, எண் போட்ட நாலு போத்தல்கள். நாலு கிளாஸ். துரை ஒரு பக்கம், ஏஜென்ட் ஒரு பக்கம். ஏஜென்ட் நல்ல மனிதர், எழுந்து நின்று கை கொடுத்தார். நான் துடைக்கும் துணியோடு சுவரோரம் நின்றேன். நீர் நாலு கிளாஸையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தீர். நாலையும் முகர்ந்தீர். மூன்றாவதில் உம் மூக்கு நின்றது. ஓரக்கண்ணில் என்னைப் பார்த்தீர். எனக்கு விளங்கிவிட்டது. அவ்வளவுதான் ஓய், மூன்று என்று சொல்லும், வீட்டுக்குப் போகலாம் என்று மனதுக்குள் கத்தினேன்.

நீர் மூன்றாவதிலும் நாலாவதிலும் ஒரு வாய் எடுத்தீர். வாயிலேயே வைத்திருந்து துப்பினீர். கிளாஸைக் கீழே வைத்தீர். பிறகு உம் சுத்தமான இங்கிலீஷில், இன்று என் மகளுக்கு நிச்சயதார்த்தம், வெற்றிலை போட்டுவிட்டேன், என் வாய் இப்போது என்னிடம் இல்லை, அதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது உங்கள் வைனுக்கு நியாயமில்லை, நாளைக் காலை வருகிறேன் என்றீர்.

நாளைக் காலை ஏஜென்ட் பினாங்கில் இருப்பார். துரை உம் உதட்டைப் பார்த்தார். வெற்றிலை மெல்லுகிறவனைப் போய் வைன் பார்க்கக் கூப்பிட்டேனே என்று சொல்லிச் சிரித்தார். ஏஜென்ட் சிரிக்கவில்லை, ஆனால் கடிகாரத்தைப் பார்த்தார். துரை தானே நாலையும் குடித்துப் பார்த்து, இனிப்பாக இருக்கிறது, உள்ளூர்க்காரர்களுக்கு இதுதான் சரி என்று நாலாவதைக் காட்டினார். அங்கேயே ஆர்டர் எழுதியாயிற்று. உம்மைப் படி வரை கொண்டுவிடக் கூட யாரும் எழவில்லை.

தெருவில் இறங்கியதும் நான் வெடித்தேன். “மூக்கு நல்லாத்தானே இருந்துச்சு! முகர்ந்தே கண்டுபிடிச்சிட்டீர்ல! சும்மா ஒரு நம்பரைச் சொன்னா என்னலா?”

“மூக்கு பாதிதான் காணும். மிச்சப் பாதி தெரியாமல் எப்படிச் சொல்லுறது?”

“துரைக்கு அந்தப் பாதியும் தெரியாது! அவரே தீர்ப்பு சொல்றாரு!”

“அது அவருக்குப் பிரச்சினையில்லை. எனக்கு என்ர பேரெல்லே போட இருந்தது.”

அதோடு நீர் பேச்சை நிறுத்திவிட்டீர். நான் வீடு வரைக்கும் நிறுத்தவில்லை. யாரும் கேட்காத நேர்மையை எதற்கு அந்த மேசைமேல் கொண்டுபோய் வைத்தீர் என்று கேட்டேன். உமக்கு மகளின் கல்யாணம் பெரிது, சரி. அதில் நான் குறை சொல்லவே இல்லை. வெற்றிலை போட்டது குற்றமில்லை ஓய், அதைச் சொன்னதுதான் குற்றம். இன்றைக்கும் அதையே சொல்கிறேன்.

ஏஜென்ட் விட்டுப்போன, திறக்காத மாதிரிப் போத்தல்களில் நாலாவதைத் தன்னிடம் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் துரை என்னிடம் தள்ளிவிட்டார். அடுத்த ஞாயிறு சுத்தமான வாயோடு உட்கார்ந்தோம். முதலாவது தண்ணீர். இரண்டாவது புகை. மூன்றாவதைக் குடித்துவிட்டு நீர் துப்பவில்லை. அதுதான் முதல் தடவை. கிளாஸை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு, “இதைச் செய்தவன் அவசரப்படேல்லை” என்றீர். வழக்கம் போல் மறுத்துப் பேச வாயைத் திறந்தேன். இன்னொரு வாய் வைன்தான் உள்ளே போனது. அவ்வளவு நன்றாக இருந்தது. இப்போதாவது துரைக்கு ஒரு வரி எழுதும் என்று காலில் விழாத குறையாகச் சொன்னேன். “கேட்ட நேரம் சொல்ல முடியேல்லை. இப்ப கேளாமல் போய்ச் சொல்லுறது வம்பு” என்றுவிட்டீர். மூன்றாவதில் திறக்காத போத்தல் ஒன்று மிச்சம் இருந்தது. உம் மகளின் கல்யாணம் முடிந்து குடிப்போம் என்று என் வீட்டு அலமாரியில் வைத்தேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. ஆனால் அதற்குள் உமக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. ரயில் நிலையப் படியேறுவதற்கே நின்று நின்று போனீர். டாக்டர் இருதயம் என்றார், இரத்தம் போதாது என்றார், தினமும் மாலையில் கொஞ்சம் சிவப்பு வைன் கொடுங்கள் என்று எழுதினார். அக்கா அந்தச் சீட்டோடு கடைக்கு வந்தபோது எனக்கு எங்கே முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. எங்கள் அலமாரியில் இருந்த சிவப்பு ஒன்றே ஒன்று. உம்மைக் கேளாமல் துரை வாங்கிக் குவித்த நாலாம் போத்தல். உலகத்தில் எவ்வளவோ வைன் இருக்க, உமக்கு மருந்தாக வந்தது அதுவா! மாலை வீட்டுக்குப் போய் மூன்றாவதை எடுத்துக்கொண்டு உம்மிடம் ஓடிவந்தேன். நீர் கட்டிலில் தலையணையில் சாய்ந்திருந்தீர். போத்தலைக் கையில் வாங்கிப் பார்த்தீர். திருப்பிக் கொடுத்துவிட்டீர்.

“இதை மருந்தாக் குடிக்கக் கூடாது. கொண்டுபோய் வையும். நான் எழும்பின பிறகு குடிப்பம்.”

அக்கா நாலாவதைச் சின்னக் கிளாஸில் ஊற்றிக் கொடுத்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீர் பழக்கத்தை விடவில்லை. விளக்கின் பக்கம் தூக்கிப் பார்த்தீர், முகர்ந்தீர், ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டினீர். துப்பத் தெம்பில்லை, விழுங்கினீர்.

“இதிலையும் ஒரு நல்ல குணம் இருக்குது காணும்.”

“இதிலயா? என்ன குணம்?”

“நீர் முதல்ல கண்டுபிடியும்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இந்த நிலையிலுமா ஓய் என்றேன். நீர் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தீர். நான் கோபித்துக்கொண்டு போனதாகக் கூட நினைத்திருப்பீர். வெள்ளிக்கிழமை மறுபடியும் வந்து கேட்கலாம் என்றுதான் போனேன். வியாழக்கிழமை நீர் இல்லை.

அன்றிலிருந்து ஓராண்டாக நான் அந்தச் சனியனைக் குடித்துக்கொண்டிருக்கிறேன். குளிர வைத்துக் குடித்தேன். சூடாகக் குடித்தேன். பூசை முடிந்த வெறும் வாயில் குடித்தேன். தோட்டத்துக்கு எடுத்துப்போய்க் கங்காணியாயிருக்கும் என் அண்ணனுக்குக் கொடுத்தேன். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, “தம்பி, இதுக்குக் கள்ளுக்கடை எவ்வளவோ தேவலாம்லா” என்று கிளாஸைத் திருப்பி வைத்தார். என் மனைவி கூட மனமிரங்கி, முகர்ந்து பார்த்து, இருமல் மருந்து என்றாள். ஒரு நல்ல குணமும் தட்டுப்படவில்லை. நோயில் நீர் உளறிவிட்டீர் என்று நினைத்துப் பார்த்தேன். மனம் ஒப்பவில்லை. வைன் விஷயத்தில் நீர் உளறிய நாள் கிடையாது.

போன ஞாயிறு உமக்கு முதலாண்டு ஆட்டத் திவசம். ஐயர் போய், வந்தவர்கள் எல்லாம் சாப்பிட்டு எழுந்த பிறகு, மாலை வெயிலில் உம் வீட்டுக்குப் போனேன். மூன்றாவதைக் கொண்டுபோயிருந்தேன். நீர் எழும்பி வரப் போவதில்லை, இனி எதற்கு வைத்திருப்பது? அக்கா உம்முடைய கிளாஸைக் கழுவிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். தக்கையைப் பிடுங்கினேன். காடி. மூக்கைப் பொத்திக்கொள்ளும்படியான காடி. நான் நம்பாமல் வாயில் விட்டுப் பார்த்தேன். தொண்டை எரிந்தது. இதைச் செய்தவன் அவசரப்படவில்லை என்று நீர் சொன்ன அந்த வைன், என் வீட்டுத் தகரக் கூரைக்குக் கீழே ஒரு வருடத்துக்கும் மேலாகச் சூட்டில் கிடந்து ஒன்றுமில்லாமல் போயிருந்தது. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. உமக்காக அழுதேனா வைனுக்காக அழுதேனா என்று கேட்காதேயும்.

அக்கா போத்தலை வாங்கி முகர்ந்து பார்த்தார். “வினாகிரி மாதிரி இருக்குது. அச்சாறுக்கு விடலாம், கொட்டாதேங்கோ தம்பி” என்றார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு உள்ளே போய், அலமாரியிலிருந்து இன்னொரு போத்தலைக் கொண்டுவந்தார். பாதி இருந்தது. “அவருக்கு மருந்துக்கு வாங்கினது. கொட்ட மனம் வரேல்லை, அப்பிடியே வைச்சிட்டன். இதுவும் பழுதாய்ப் போயிருக்கும். என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை.”

நாலாவது. திறந்து, பாதி குடித்து, ஓராண்டு அந்த அலமாரிக்குள் வெந்தது. கெட்டுக் குட்டிச்சுவராகியிருக்கட்டும் என்று ஆசைப்பட்டுத்தான் ஊற்றினேன். கொஞ்சம் மங்கலாகியிருந்தது, அவ்வளவுதான். அதே சர்க்கரை, அதே மருந்துக்கடை, அதே சனியன். நீர் கடைசியாகக் குடித்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. மறுபடியும் ஒரு வாய் குடித்தேன். அப்போதுதான் புரிந்தது. இந்த ஊர்ச் சூட்டை அது தாங்குகிறது. அதற்குள்ளே இருக்கும் சர்க்கரையும் சாராயமும் அதைக் காப்பாற்றிவிடுகின்றன. தாப்பா ரோட்டு வெயில், எங்கள் கிடங்கு, ஐஸ் பெட்டியில்லாத நம் வீடுகள், எல்லாவற்றையும் தாங்கும். அதுதான் ஓய் அந்த நல்ல குணம்.

கண்டுபிடித்துவிட்டேன் என்று உம் கட்டில் இருந்த பக்கம் திரும்பினேன். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார்.

அதிலிருந்து எனக்கு ஆத்திரம் இரண்டு மடங்காகிவிட்டது. இத்தனை நாள் துரையைத் திட்டி மனதை ஆற்றிக்கொண்டேன். கண்ணில்லாத மனிதர், நீர் வாய் திறந்திருந்தால் மூன்று என்றிருப்பீர், நம் ஊரே நல்ல வைன் குடித்திருக்கும் என்று. இப்போது அதுவும் நிச்சயமில்லை. கட்டிலில் கிடந்து ஒரே வாயில் அதைக் கண்டுகொண்டவர், அன்று சுத்தமான நாக்கோடு அந்த மேசையில் உட்கார்ந்திருந்தால் எதைச் சொல்லியிருப்பீர்? உமக்குப் பிடித்ததையா, இந்த ஊரில் பிழைக்கிறதையா? உம் பெயருக்கு நேரே எந்த வைன் அச்சாகியிருக்கும்? என்னால் எந்தப் பக்கமும் சத்தியம் செய்ய முடியவில்லை. வாக்குவாதம் செய்தே உம்மை அறிந்தவன் நான், முக்கியமான ஒன்றை மட்டும் அறியாமலே விட்டுவிட்டேன்.

இந்த வாரம் கடைக்கு ஒரு ட்ரெஸர் வந்தார். தோட்டத்து ஆஸ்பத்திரிக்குச் சிவப்பு வைன் வேண்டும், எது நல்லது என்று கேட்டார். வழக்கமாக அலமாரியைக் காட்டிவிட்டு வேறு வேலை பார்ப்பேன். அன்று, எப்போது குடிக்கப் போகிறீர்கள், எங்கே வைத்திருப்பீர்கள் என்று கேட்டேன். அவர் விழித்தார். வைனைப் பற்றி அப்படி யாரும் அவரைக் கேட்டதில்லை. நீரும் கேட்டதில்லை. வைனை மட்டும் பார்த்தால் போதும், வீட்டைப் பார்க்காதேயும் என்று வாதத்துக்காகவாவது என்மீது பாய்ந்திருப்பீர். நான் விட்டிருக்க மாட்டேன். அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு நாம் பத்து ஞாயிறு சண்டை போட்டிருக்கலாம். முதன்முறையாக எனக்கென்று சொந்தமாக ஒரு கேள்வி கிடைத்திருக்கிறது ஓய், அதைத் தப்பு என்று சொல்ல நீர் இல்லை.